நாலு நாளில் வெளுக்கும் முகம்

திருகோணமலைக் கப்பல்துறையில் எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி இருக்கிற அக்கா ஒருநாள் பின்னேரம் என்னைக் குசினிக்குள் கூட்டிப் போனார். அரிசிப் பேணிக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்த ஒரு டப்பியை எடுத்து என் கையில் தந்தார். சின்ன வெள்ளைப் பிளாஸ்டிக் டப்பி. மேலே ஒட்டுத்தாள் இல்லை. பெயரோ, திகதியோ, செய்தவர் யார் என்ற விபரமோ ஒன்றும் இல்லை. மூடியைத் திறந்தால் இளமஞ்சள் கிறீம். வெளிச்சம் பட்ட விளிம்பில் மட்டும் சாம்பல் நிறம் ஏறியிருந்தது. இரண்டாவது பிள்ளை வயிற்றில் இருந்தபோது அக்காவின் இரண்டு கன்னத்திலும் வந்த மங்கு, பிள்ளை பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகும் போகவில்லை. அதற்குத்தான் இந்தக் கிறீம். விற்றவர் ஒரேயொரு எச்சரிக்கை சொல்லியிருக்கிறார்: தாலிக்கொடியில் படக் கூடாது.

"ஏனாம் அக்கா?"

"தங்கம் வெளுத்துப் போயிடுமாம். ஆனா சும்மா சொல்லக் கூடாது தங்கச்சி, நாலு நாளிலயே வித்தியாசம் தெரிஞ்சது."

தங்கத்தையே வெளுக்க வைக்கிற ஒன்றைக் கன்னத்தில் பூசிக்கொண்டு ஒருவர் நிம்மதியாகத் தூங்குகிறார் என்றால் அது அவருடைய பிழை இல்லை. அவரை அப்படி நம்ப வைத்தது ஊர் முழுக்கப் பரவியிருக்கிற ஒரு கருத்து: கெதியாய்க் கேட்கிற மருந்துதான் நல்ல மருந்து. மருந்துக்கடையிலும் அழகு நிலையத்திலும் இதையே சொல்கிறார்கள். படித்த பிள்ளைகள் கைத்தொலைபேசியில் ஹைட்ரோகுயினோனா, கோஜிக் அமிலமா, வைற்றமின் சீயா என்று ஒப்பிட்டுப் பார்ப்பதும் கடைசியில் இந்த ஒரு கேள்வியில்தான் வந்து நிற்கிறது: எது கெதியாய் வெளுக்க வைக்கும்? இந்தக் கருத்தை நான் அடியோடு மறுக்கிறேன். தோலில் ஏறிய கறுப்பைப் பொறுத்தவரை வேகம் நல்ல மருந்துக்கு அடையாளம் இல்லை. நாலு நாளில் வெளுத்தால் அதுவே அந்தக் கிறீமைக் கீழே வைக்கப் போதுமான காரணம்.

இது என் விருப்பு வெறுப்புச் சார்ந்த பேச்சு இல்லை. தோல் வேலை செய்கிற விதமே இதைச் சொல்கிறது. நம் நிறத்துக்குக் காரணமான மெலனின் என்ற பொருளைத் மேல்தோலின் அடியில் இருக்கிற சில உயிரணுக்கள் செய்கின்றன. அந்த அணுக்களின் எண்ணிக்கை கறுத்தவருக்கும் வெளுத்தவருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். செய்யப்படும் மெலனினின் அளவும், அது பொதிகளாகிச் சுற்றியுள்ள அணுக்களுக்குப் போய்ச் சேரும் விதமுமே வேறு. அப்படிப் பொதியை வாங்கிக்கொண்ட அணு கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறி, காய்ந்து, செதிலாகி உதிர ஏறக்குறைய 4 வாரம் எடுக்கும். வயது ஏற ஏற இன்னும் தாமதமாகும். ஆகவே இன்றைக்கே மெலனின் தயாரிப்பைப் பாதியாகக் குறைத்தாலும், ஏற்கனவே நிறம் ஏறிய அணுக்கள் உதிர்ந்து தீரும்வரை கண்ணாடியில் பெரிய வித்தியாசம் தெரியாது. கண்ணுக்குத் தெரிகிற மாற்றத்துக்கு 8 வாரம், 12 வாரம் என்று மருத்துவர்கள் சொல்வது இதனால்தான்.

இதுவும் கறுப்பு மேல்தோலில் இருந்தால்தான். பருவோ காயமோ ஆழமாகப் புண்ணாக்கிவிட்டால் மெலனின் கீழ்த்தோலுக்குள் சிந்திப்போய் அங்கேயே தங்கிவிடும். மேல்தோல் கறுப்பு கபிலமாக, தேயிலைச் சாயம் போலத் தெரியும். கீழே இறங்கியது சாம்பலும் நீலமும் கலந்து, கரும்பலகைக் கல்லின் நிறத்தில் தெரியும். பின்னதற்கு எந்தக் கிறீமும் சரியாக எட்டாது, மாதங்களும் சில வேளை வருடங்களும் எடுக்கும். கடையில் நின்று "கறுப்புப் புள்ளிக்கு ஒரு கிறீம்" என்று கேட்கும்போது, இந்த இரண்டில் எது என்று யாரும் திருப்பிக் கேட்பதில்லை. அந்தக் கேள்வி இல்லாமல் எந்த மூலப்பொருள் உயர்ந்தது என்று வாதாடுவது, என்ன காய்ச்சல் என்று பார்க்காமல் குளிசையின் நிறத்தைப் பார்த்து வாங்குவது போன்றது.

சரி, அணு உதிர 4 வாரம் ஆகும் தோலை நாலு நாளில் வெளுக்க வைக்கும் என்று விற்கிற டப்பிகளில் பெரும்பாலும் இருப்பது என்ன? இரண்டு பொருட்கள்.

ஒன்று ஸ்டீரொயிட். பீற்றாமெதசோன், குளோபெற்றசோல், மொமெற்றசோன் போன்றவை. இவை தோலின் இரத்தக் குழாய்களைச் சுருக்கும். முகம் உடனே வெளிறித் தெரியும். பரு அமுங்கும், சிவப்பு அடங்கும், தோல் பளபளக்கும். பூசியவர் மகிழ்ந்துபோவார். சில வாரம், சில மாதம் போனால் தோல் கடதாசி போல் மெலியும், கன்னத்தில் நூல் நூலாய் இரத்தக் குழாய் தெரியும், தாடையில் மயிர் முளைக்கும், பரு கொத்தாக வரும். பூசுவதை நிறுத்திப் பார்த்தால் முகம் நெருப்பாய் எரியும். எரிவு தாங்காமல் மறுபடி பூசுவார்கள். கறுப்பும் முன்னிலும் கூடுதலாகத் திரும்பி வரும். இந்தியாவில் இந்தக் கொடுமை எவ்வளவு பெருகியது என்றால், ஸ்டீரொயிட்டால் கெட்ட முகம் என்று தனியொரு நோய்ப் பெயரையே தோல் மருத்துவர்கள் வைக்க வேண்டி வந்தது. அவர்கள் வருடக்கணக்காகப் போராடியதன் பின் 2018இல் பூசுகிற ஸ்டீரொயிட் 14ஐ மருத்துவரின் துண்டு இல்லாமல் விற்கக் கூடாது என்ற பட்டியலுக்குள் இந்திய அரசு கொண்டுவந்தது.

மற்றது பாதரசம். மெலனினைச் செய்கிற நொதி செம்பை வைத்துக்கொண்டு வேலை செய்வது. பாதரசம் அந்த இடத்தைப் பிடித்து நொதியை முடக்கிவிடும். கிறீமுக்குள் சேர்ப்பது பெரும்பாலும் சித்த மருத்துவம் பூரம் என்று அழைக்கிற பாதரச உப்பு. சித்த வைத்தியர்களே எத்தனையோ சுத்தி முறைகளுக்குப் பிறகு, பத்தியத்தோடு, அளவு பார்த்துத் தொடுகிற பொருள் அது. அதைத்தான் கிறீமில் குழைத்து ஒட்டுத்தாள் இல்லாத டப்பியில் விற்கிறார்கள். பாதரசம் தங்கத்தோடு உடனே கலந்து அதை வெள்ளையாக்கும். அக்காவுக்குச் சொல்லப்பட்ட தாலிக்கொடி எச்சரிக்கையின் பொருள் இதுதான். வெளிச்சம் பட்டுக் கிறீமின் விளிம்பு சாம்பலாவதும் பாதரசத்தைச் சந்தேகிக்கச் சொல்கிற அடையாளம். இதே எச்சரிக்கையை அச்சடித்து, பளபளப்பான பெட்டியில் வெளிநாட்டிலிருந்து வருகிற கிறீம்களும் உண்டு. நகையில் படவிடாதீர்கள் என்று எழுதியிருக்கிற முகக் கிறீம் எதுவானாலும் அது உங்கள் முகத்துக்கு வேண்டாம்.

பாதரசம் தோலோடு நிற்பதில்லை. இரத்தத்தில் ஏறிச் சிறுநீரகத்தைப் பிடிக்கும். கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்துக் கோட்டக்கல்லில் 2021 நடுப்பகுதிக்கும் 2023 செப்டெம்பருக்கும் இடையில் சிறுநீரக மருத்துவர்கள் ஒரு விசித்திரத்தைக் கவனித்தார்கள். சிறுநீரில் புரதம் ஒழுகி, உடல் வீங்கி வந்தவர்களில் 22 பேருக்கு ஒரே சிறுநீரக நோய். அதில் 15 பேருக்கு அந்த நோயின் வழமையாக அரிதாகவே காணப்படுகிற ஒரு வகை. அந்த 15 பேரில் 13 பேர் முகம் வெளுக்கும் கிறீம் பூசியவர்கள். நிறுத்தியதும் பெரும்பாலானோர் தேறத் தொடங்கினார்கள். சிறுநீரகம் பழுதாவது என்றால் என்ன என்று வடக்கிலும் கிழக்கிலும் வாழ்கிற எங்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. வவுனியாவுக்கும் பதவியாவுக்கும் பக்கத்தில், வயலில் வேலை செய்தவர்கள் காரணம் தெளிவாகத் தெரியாமலே இரத்தச் சுத்திகரிப்புக்கு வரிசையில் நிற்பதை ஒரு தலைமுறையாகப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். காரணம் நன்றாகத் தெரிந்த ஒன்றை நாமே காசு கொடுத்து வாங்கிப் பூசுவது எனக்குப் பொறுக்கவில்லை.

சட்டம் இல்லையா என்று கேட்பார்கள். உண்டு. அழகுசாதனத்தில் பாதரசத்துக்கு 1 பி.பி.எம்., அதாவது பத்து இலட்சத்தில் ஒரு பங்கு, என்று எல்லை வைத்த மினமாட்டா என்ற சர்வதேச உடன்படிக்கையை இலங்கை 2017இல் ஏற்றது. 2023இல் அந்த எல்லையையும் நீக்கி, பாதரசம் சேர்த்த அழகுசாதனத்தை 2025உடன் முற்றாக ஒழிப்பதென்று நாடுகள் முடிவெடுத்தன. ஆனாலும் கொழும்பின் சுற்றாடல் நீதிக்கான மையம் கடைகளில் வாங்கிச் சோதித்த வெளுக்கும் கிறீம்களில் அந்த எல்லையைப் பல மடங்கு தாண்டிய பாதரசம் இருந்தது. கடுதாசியில் இருக்கிற தடை அரிசிப் பேணிக்குப் பின்னால் எட்டிப் பார்ப்பதில்லை.

இனி, படித்த பிள்ளைகளின் வாதத்துக்கு வருகிறேன். அவர்கள் பெயரில்லாத டப்பியைத் தொடமாட்டார்கள். விகிதம் அச்சடித்த போத்தலைத்தான் வாங்குவார்கள். அவர்களுடைய நம்பிக்கை வேறு: மூலப்பொருட்களுக்குள் ஒரு வரிசை இருக்கிறது, உச்சியில் ஹைட்ரோகுயினோன், அதற்குக் கீழே மற்றவை; விகிதம் கூடக் கூடப் பலன் கூடும். இதில் பாதி உண்மை இருப்பதால்தான் இது ஆபத்து.

ஹைட்ரோகுயினோன் வேலை செய்யும். அதை மறுக்கிறவர் பொய் சொல்கிறார். மங்குக்கு மருத்துவர்கள் நீண்டகாலமாகக் கொடுத்துவருவது அதைத்தான். 1975இல் அமெரிக்கத் தோல் மருத்துவர் கிளிக்மன் தன் சக ஆய்வாளர் வில்லிஸோடு சேர்ந்து, ஹைட்ரோகுயினோன், ட்ரெற்றினோயின், ஸ்டீரொயிட் மூன்றையும் கலந்து ஒரு சூத்திரம் வெளியிட்டார். இன்றைக்கும் மருத்துவர் எழுதுகிற மூன்று சேர்ந்த கிறீம் அதன் வழி வந்ததே. அதே 1975இல் தென்னாபிரிக்காவிலிருந்து இன்னொரு செய்தியும் வெளியானது. கடையில் வாங்கிய ஹைட்ரோகுயினோனை வருடக்கணக்காகப் பூசிய கறுப்பினப் பெண்களின் கன்னங்களில் நீலம் பாய்ந்த கரும் படலம், முட்டை முட்டையாய்த் தடித்த தோல். கறுப்பைப் போக்கப் பூசியது, எந்த மருந்தாலும் இலகுவில் அழியாத கறுப்பைக் கொண்டுவந்திருந்தது. 1990இல் தென்னாபிரிக்கா அதை அழகுசாதனத்தில் தடை செய்தது. 2001இல் ஐரோப்பாவும் தடுத்தது. 2020இல் அமெரிக்காவும் மருந்துத் துண்டில்லாத விற்பனையை நிறுத்தியது. மருத்துவர் கையில் அது 3, 4 மாதத்துக்கான மருந்து. தொடங்கும் நாளிலேயே நிறுத்தும் நாளும் குறிக்கப்பட்டிருக்கும். கடையில் வாங்குகிறவருக்கு அந்த இரண்டாவது நாளை யார் சொல்வது?

அதோடு, அந்த உச்சி அவர்கள் நினைக்கிற உயரத்தில் இல்லை. 2011இல் மெக்சிக்கோவில் 27 பெண்களின் முகத்தில் ஒரு பக்கம் 4% நியாசினமைட்டும் மறுபக்கம் 4% ஹைட்ரோகுயினோனும் 8 வாரம் பூசிப் பார்த்தார்கள். நல்ல முன்னேற்றம் கண்டவர்கள் ஹைட்ரோகுயினோன் பக்கம் 55%, நியாசினமைட் பக்கம் 44%. பக்கவிளைவு முன்னதில் 29%, பின்னதில் 18%. சிறிய ஆய்வுதான். ஆனாலும் எரிச்சலும் ஒரு கணக்கு என்பதை அது நேராகக் காட்டுகிறது. எங்கள் நிறத்துத் தோலில் ஒவ்வொரு எரிச்சலும் இன்னொரு கறுப்பின் விதை. பரு போன இடம் கறுக்கிறது, சூடுபட்ட இடம் கறுக்கிறது, நுளம்பு கடித்துச் சொறிந்த இடம் கறுக்கிறது. அப்படிப்பட்ட தோலில் 2% எரிக்கவில்லையே, 10% வாங்குவோம் என்று ஏறிப் போகிறவர் கறையை அழிக்கவில்லை, புதுக் கறை போடுகிறார்.

நியாசினமைட் வைற்றமின் பீ3இன் ஒரு வடிவம். மெலனின் தயாரிப்பில் அது கை வைப்பதில்லை. செய்த பொதிகளைப் பக்கத்து அணுக்களுக்குக் கைமாறவிடாமல் தடுக்கிறது. இந்தியாவில் 1975இல் விற்பனைக்கு வந்து, 2020இல் பெயரிலிருந்து வெண்மையை எடுத்துவிட்ட ஒரு புகழ்பெற்ற கிறீமின் சாரமும் இதுதான். 4, 5% போதும். மிருதுவானது, மலிவானது, மெதுவானது.

அசெலயிக் அமிலத்தின் கதை எனக்குப் பிடித்தது. தேமல் எங்கள் வெயிலுக்கும் வியர்வைக்கும் கூடப் பிறந்தது போன்றது. அதை உண்டாக்கும் பூஞ்சணம் ஏன் தோலை வெளிறச் செய்கிறது என்று 1970களில் ரோம் நகரத்து ஆய்வாளர்கள் தேடப் போய், அங்கிருந்துதான் இந்த அமிலத்தைப் பிடித்தார்கள். அது கூடுதலாகத் துடிக்கிற அணுக்களைத்தான் அடக்கும், சாதாரணத் தோலின் இயல்பு நிறத்தைப் பெரிதாகத் தொடாது. 1991இல் வெளிவந்த ஓர் ஆய்வில் மங்கு இருந்த 329 பெண்களுக்கு 24 வாரம் 20% அசெலயிக் கிறீமையும் 4% ஹைட்ரோகுயினோனையும் பிரித்துக் கொடுத்தபோது, முடிவில் இரண்டுக்கும் இடையில் பெரிய வேறுபாடு இருக்கவில்லை. பருவையும் அது கேட்கும். கர்ப்பிணிகளுக்கு மருத்துவர்கள் துணிந்து கொடுக்கிற வெகு சிலவற்றில் இதுவும் ஒன்று. பலருக்கு மங்கு வயிற்றில் பிள்ளையோடு வருகிறது என்பதை நினைத்தால், இந்த ஒரு தகுதிக்காகவே அசெலயிக் பட்டியலின் தலையில் நிற்க வேண்டும். ட்ரெற்றினோயினும் ஹைட்ரோகுயினோனும் அந்த நேரத்தில் ஆகாது. அக்கா தன் பிள்ளைக்குப் பால் கொடுத்த காலத்தில் ஒருவராவது இதை அவருக்குச் சொல்லியிருந்தால்!

மற்றவற்றைக் கெதியாகவே சொல்லி முடிக்கலாம். கோஜிக் அமிலம் ஜப்பானியர் அரிசியைப் புளிக்க வைக்கும் பூஞ்சணத்திலிருந்து வந்தது. 1% போதும், கூடினால் ஒவ்வாமை. வைற்றமின் சீ நல்லதுதான், ஆனால் காற்றும் சூடும் பட்டால் கெட்டுப் பழுப்பாகும். குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டில் திருகோணமலை வெக்கையில் அந்தப் போத்தல் எத்தனை நாள் தாங்கும் என்று வாங்க முன் யோசிக்க வேண்டும். ட்ரனெக்சாமிக் அமிலம் இரத்தப்போக்கை நிறுத்த ஜப்பானில் உத்தாகோ ஒகமோத்தோ 1962இல் கண்டு வெளியிட்ட மருந்து. மங்குக்கு நன்றாகவே உதவுகிறது. குளிசையாக எடுத்தால் இரத்தம் உறையும் ஆபத்தையும் பார்க்க வேண்டும், ஆகவே பக்கத்து வீட்டாரின் குளிசையை வாங்கி விழுங்குகிற விடயம் இல்லை. குளுட்டாதயோன் ஊசியைப் பற்றி ஒரு வசனம் போதும்: பிலிப்பைன்ஸ் அரசின் மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனமே மக்களை எச்சரித்த ஊசி அது, நரம்பில் ஏற்றிக்கொள்ளாதீர்கள்.

இதையெல்லாம் கேட்டவுடன் எங்கள் பக்கத்து அம்மாமார் சொல்வது, "அதுதான் நாங்க இயற்கையாச் செய்யுறோம்" என்று. கப்பல்துறையில் ஆயுர்வேத வைத்தியசாலை இருக்கிறது. மரமஞ்சளையும் அதிமதுரத்தையும் அளவறிந்து கொடுக்கிற மரபின்மேல் எனக்கு மரியாதை உண்டு. அதிமதுரத்தின் சாரம் மெலனின் நொதியைத் தடுப்பதை ஆய்வுகூடங்களும் கண்டிருக்கின்றன. நான் எதிர்ப்பது தேசிக்காயை. தேசிக்காயின் சாற்றிலும் அதன் தோலிலும் இருக்கிற ஒரு பொருள் வெயிலோடு சேர்ந்தால் நம் தோலைச் சுடும். சாறு பூசி முற்றத்துக்குப் போய் உடுப்புக் காயப் போட்டு வந்தால் போதும். மறுநாளோ அதற்கு மறுநாளோ எரிந்து கொப்பளிக்கும், பிறகு அந்தச் சாறு வடிந்த கோட்டிலேயே கபிலக் கறை மாதக்கணக்கில் நிற்கும். அதோடு நார். முதுகிலும் கையிலும் கறுப்பு என்று நைலோன் நாரால் தேய்க்கத் தேய்க்க, அந்த உரசலே மணல் அலை போன்ற கறுப்பைக் கொண்டுவரும். தேய்த்து வந்த கறுப்பை இன்னும் தேய்த்துப் போக்கப் பார்க்கிற எத்தனை பேரை நான் கிணற்றடியில் கண்டிருக்கிறேன்.

இப்போது இந்தக் கட்டுரையில் மிக முக்கியமானதற்கு வருகிறேன். எந்த ஒப்பீட்டுப் பட்டியலிலும் கடைசி வரியில் சின்ன எழுத்தில் கிடப்பது: வெயில்.

திருகோணமலை நிலநடுக்கோட்டுக்கு வடக்கே எட்டரைப் பாகையில் இருக்கிறது. பங்குனி, சித்திரையில் நடுப்பகல் சூரியன் உச்சந்தலைக்கு நேரே நிற்கும். புறஊதாச் சுட்டெண் 11ஐத் தாண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோலில் அதற்கு மேலே வேறு படி இல்லை. வைகாசி பிறந்தால் கச்சான் காற்று. கண்டி வீதியோரத்துப் புழுதியைக் கிளப்பிக்கொண்டு அது வீசுகிற மாதங்களில் பஸ்ஸுக்கு நிற்கிற பெண்கள் கொப்பியாலும் கைப்பையாலும் முகத்தை மறைப்பதை யாரும் பார்க்கலாம். சீனக்குடாவிலும் தம்பலகாமத்து வயலிலும் வேலை செய்கிறவர்களுக்கு அந்த மறைப்பும் இல்லை. இரவில் பூசுகிற எந்தக் கிறீமும் மெலனினைக் கொஞ்சம் குறைக்கும். பகலில் அரை மணித்தியால வெயில் அதைத் திரும்பச் செய்ய வைத்துவிடும். இறைக்கிற வாளியில் ஓட்டை இருந்தால் எந்தக் கயிறு நல்ல கயிறு என்று பேசிப் பயனில்லை.

வெயிலை மறைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு மொரோக்கோவில் நடந்த ஓர் ஆய்வு கண்முன்னே நிற்கிறது. 2007இல் அது வெளிவந்தது. கர்ப்பிணிகளுக்கு வெயில் தடுப்புக் கிறீம் கொடுத்து ஒழுங்காகப் பூசவைத்தார்கள். கடைசிவரை தொடர்ந்த 185 பேரில் புதிதாக மங்கு வந்தது 5 பேருக்கு மட்டும், 2.7%. கர்ப்பகாலத்தில் மங்கு எவ்வளவு சாதாரணமாக வருகிறது என்று அறிந்தவர்களுக்கு இந்த எண் எவ்வளவு பெரியது என்று புரியும். எந்த வெளுக்கும் பொருளும் சேர்க்காமல் கிடைத்த பலன் அது.

இன்னொன்று. எங்கள் நிறத்துத் தோலைக் கறுக்கச் செய்வது கண்ணுக்குத் தெரியாத புறஊதா மட்டும் இல்லை. கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சமும், விசேடமாக அதன் நீலப் பகுதியும், கறுத்த தோலில் நிலைக்கும் நிறத்தைக் கொண்டுவரும் என்று 2010இலிருந்து ஆய்வுகள் காட்டி வந்திருக்கின்றன. வெள்ளையாய்ப் பூசி நிறமில்லாமல் மறைகிற சாதாரணத் தடுப்புக் கிறீம் இந்த வெளிச்சத்தைப் போகவிட்டுவிடும். இரும்பு ஒக்சைட்டு சேர்ந்த, மண் நிறத்தில் இருக்கிற கிறீம்தான் தடுக்கும். வெள்ளைத் தோலுக்காகச் செய்த கிறீமை வாங்கிப் பூசிவிட்டு, எனக்குக் கேட்கவில்லையே என்று மனம் உடைகிற பெண்களுக்கு இதை யாரும் சொல்வதில்லை.

"இதெல்லாம் காசுள்ளவங்களுக்கு" என்ற மறுப்பு என் காதில் விழுகிறது. இதுதான் எதிர்த்தரப்பின் நேர்மையான வாதம். இதற்கு நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும். நல்ல வெயில் தடுப்புக் கிறீம் ஆயிரக்கணக்கான ரூபாய். முகத்துக்கு இரண்டு விரல் நீளம் பிதுக்கிப் பூச வேண்டும், இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை. நாட்சம்பளத்தில் அது நடக்காது. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் குடை? கையில் பிடிக்கிற சாதாரணக் குடைகளை அமெரிக்காவில் அளந்து பார்த்தபோது குறைந்தது 77% புறஊதாவைத் தடுத்தன, கறுப்புக் குடைகள் 90%இற்கு மேல். நல்ல கறுப்புக் குடை எத்தனை வருடம் உழைக்கும்! அகன்ற விளிம்புத் தொப்பி, தலையிலிருந்து நெற்றிக்கு இழுத்த முக்காடு, பத்து மணிக்கு முன்பும் மூன்று மணிக்குப் பின்பும் என்று மாற்றக்கூடிய வேலையை மாற்றுவது: இவற்றுக்குப் பெரிய காசு தேவையில்லை. அசெலயிக், நியாசினமைட் எதையும் வாங்க முடியாதவர்கூட இதைச் செய்தால், பூசுகிறேன் என்று தன் தோலைக் கெடுத்துக்கொள்பவரைவிட ஒரு வருடத்தில் நன்றாக இருப்பார். அக்காவின் டப்பியும் சும்மா வரவில்லை. மாதம் ஒன்று என்று அவர் கொடுத்த காசைக் கூட்டினால் அதில் குடை மட்டும் இல்லை, அசெலயிக் கிறீமும் வாங்கியிருக்கலாம்.

எல்லாக் கறுப்பும் தோலின் நோயும் இல்லை. பிள்ளையின் கழுத்து மடிப்பிலும் கமக்கட்டிலும் வெல்வெட் துணி போலத் தடித்த கறுப்பை ஊத்தை என்று தேய்க்கிறார்கள். அது பெரும்பாலும் உடலில் இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்ற முன்னறிவிப்பு. வயதுவந்தோரில் ஏறக்குறைய ஐவரில் ஒருவருக்கு நீரிழிவு இருக்கிற இந்த நாட்டில், அந்தக் கழுத்துக்குத் தேவை கிறீம் இல்லை, இரத்தப் பரிசோதனை. சிக்குன்குன்யா வந்து போனவர்களின் மூக்கில் மாதக்கணக்கில் கறுப்பு நிற்கும். 2006இல் அந்தக் காய்ச்சல் நாட்டை அடித்தபோது அதைக் கண்டவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது தானாகவே மங்கும். தலைமயிர்ச் சாயத்தின் ஒவ்வாமை நெற்றியையும் கன்னத்தையும் கறுக்க வைக்கும். சாயத்தை நிறுத்தாமல் எதைப் பூசியும் பயனில்லை. மூலப்பொருளை ஒப்பிடுகிற பட்டியல் இவை ஒன்றையும் கேட்காது. கேட்கத் தெரிந்தவர் இலவசமாகவே இருக்கிறார்: அரசாங்க வைத்தியசாலையின் தோல் கிளினிக். வரிசை நீளம்தான், ஒருநாள் சம்பளம் போகும்தான். அந்த வரிசையில் நின்று கிடைக்கிற ஐந்து நிமிடம் ஒரு வருடக் கிறீமைவிடப் பெறுமதியானது.

கறையை மங்கச் செய்வது வேறு, பிறந்த நிறத்தை வெளுக்கச் செய்வது வேறு என்பதையும் சொல்லிவிட வேண்டும். முதலாவது மருத்துவம். மங்கு வந்த பெண் கண்ணாடியைப் பார்க்கக் கூசுவதை நான் சிறிதாக எண்ணவில்லை. அவளுக்கு உதவி வேண்டும். இரண்டாவதற்கு மருந்தே இல்லை, ஏனென்றால் அது நோயே இல்லை. ஜப்பானில் 2013இல் பெரிய நிறுவனம் ஒன்று, அரசு அனுமதித்த ஒரு வெளுக்கும் பொருளைச் சேர்த்து விற்ற 54 வகை அழகுசாதனங்களைத் திரும்பப் பெற்றது. பூசியவர்களில் 18,000 பேருக்கு மேல் வெண்குட்டம் போல் திட்டுத் திட்டாய் நிறம் போய்விட்டிருந்தது. அவ்வளவு கண்காணிப்புள்ள நாட்டில் நடந்தது அது. கலியாணப் பேச்சில் பிள்ளை நிறமா என்று முதலில் கேட்கிற வாய்கள் எங்கள் ஊரில் மூடாதவரை, பெயரில்லாத டப்பிகளுக்கு வியாபாரம் குறையாது. அந்தக் கேள்வியைக் கேட்கிற மாமியும் அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்கிற மாப்பிள்ளையும் இந்த வியாபாரத்தின் பங்காளிகள் என்றே நான் கருதுகிறேன்.

அக்காவைப் போல் வீட்டில் அந்த டப்பி வைத்திருப்பவர்களுக்கு இரண்டு வார்த்தை. மாதக்கணக்காகப் பூசியிருந்தால் நீங்களாகவே ஒரே நாளில் நிறுத்தி, எரிவைத் தனியே தாங்கிக்கொண்டிருக்க வேண்டாம். கிளினிக்குக்குப் போங்கள், ஸ்டீரொயிட்டாக இருந்தால் எப்படி விடுவது என்று அவர்கள் வழி சொல்வார்கள். பாதரசம் என்று சந்தேகம் வந்தால், அதாவது நகை எச்சரிக்கையோ சாம்பல் விளிம்போ இருந்தால், அன்றே பூசுவதை விட்டுவிட்டுப் போங்கள். காலும் கண்ணிமையும் வீங்குகிறதா, சிறுநீர் நுரைக்கிறதா என்பதை மறக்காமல் சொல்லுங்கள். டப்பியை அடுப்பில் போட வேண்டாம். எரித்தால் பாதரசம் ஆவியாகி வீட்டுக்குள் பரவி, பிள்ளைகளின் மூச்சில் ஏறும். பொலித்தீன் பையில் இறுக்கிக் கட்டி, கையோடு கொண்டுபோய் மருத்துவரின் மேசையில் வையுங்கள்.